சுங்கை சிப்புட்டில் ஒரு தொலைபேசிக்காரர்: பயணக் குறிப்புகள்

அக்டோபர் 12, 2025, ஞாயிறு: ஈப்போ

கோலாலம்பூரிலிருந்து வடக்கே ஓடும் மின்ரயில் ஈப்போவை நெருங்கும்போது, சமவெளியிலிருந்து சுண்ணாம்புக்கல் குன்றுகள் நேராக மேலெழுந்து நிற்பதைக் காணலாம். உச்சியை மரங்கள் மூடியிருக்க, பக்கச் சுவர்கள் மட்டும் வெள்ளையும் காவியுமாகத் தெரிகின்றன. தஞ்சாவூர் வயல்வெளியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

என் சித்தப்பா மகள் திருமணமாகி இந்த ஊருக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தீபாவளி நெருங்கிவிட்டதால் லிட்டில் இந்தியா பகுதியில் நடைபாதை முழுவதும் கடைகள் போட்டிருந்தார்கள். முறுக்கு ஒரு போத்தல் 18 வெள்ளி, நெய்யுருண்டை ஒரு போத்தல் 25 வெள்ளி; ஒரு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) அப்போது ஏறத்தாழ 21 ரூபாய் என்பதால், விலையைக் கேட்டதும் என் மனம் தானாகவே பெருக்கிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. பலகாரம் விற்ற அம்மாள் அதைப் புரிந்துகொண்டு, “வாங்க வேணாம்மா, சாப்பிட்டுப் பாருங்க போதும்” என்று இரண்டு முறுக்கைக் கையில் வைத்து அழுத்தினார். வாங்காதவர்களுக்கும் முகம் கோணாமல் கொடுக்கும் அந்தப் பழக்கத்தை இங்கே பல இடங்களில் பார்த்தேன்.

மாலை நான்கு மணிக்கு மேல் வானம் கறுத்தது. மலேசியா உலகிலேயே இடிமின்னல் மிகுந்த நாடுகளில் ஒன்று. இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட இந்த அக்டோபர் மாதத்தில் பிற்பகல் இடி பெரும்பாலும் நாள் தவறுவதில்லையாம். வீட்டின் மேல் விழுந்ததுபோல் ஓர் இடி இடித்ததும் மின்சாரம் போயிற்று. திரும்பி வந்தபோது இணைய மோடம் உயிரிழந்திருந்தது. தங்கையின் கணவர் அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “இந்த இடியைத் தடுக்க ஒரு பெட்டி செய்து விற்ற மனிதர் சுங்கை சிப்புட்டில் இருக்கிறார், நாளைக்கு நீங்கள் பார்க்கப் போவது அவரைத்தான்” என்றார்.

நான் தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். இணைப்பகத்தின் மின்வழங்கல் அறையிலும் பேட்டரி அறையிலுமே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) பிறந்த ஒரு தமிழர், தொலைபேசி நிலையங்களுக்கு வேண்டிய சார்ஜர்களையும், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபயர்களையும் தாமே தயாரித்து விற்று, அந்த வருமானத்தைத் தம் ஊருக்கே செலவிடுகிறார் என்று தங்கை கடிதத்தில் எழுதிய நாளிலிருந்தே அவரைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

அக்டோபர் 13, திங்கள்: சுங்கை சிப்புட்

ஈப்போவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். கோலகங்சார் போகும் பழைய நெடுஞ்சாலையில், வழி நெடுகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலைகளை ஏற்றிய லாரிகளின் பின்னால் மெல்ல ஊர்ந்து போனோம். ஒரு காலத்தில் இந்தச் சாலையின் இருபுறமும் பால்மரமாக (ரப்பர்) இருந்தது என்கிறார்கள். இப்போது பெரும்பாலும் செம்பனைதான்.

ஊருக்குள் ஓர் ஒட்டுக்கடையில் காலை உணவு. ரொட்டி சானாய் 1 வெள்ளி 60 காசு, தோசை 2 வெள்ளி, தே தாரிக் 2 வெள்ளி 20 காசு. பருப்புக் கறியில் கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் கிடந்தன. சம்பல் நம் ஊர்ச் சட்னியைவிட இனிப்பாக இருந்தது. இடமில்லாததால் எங்கள் மேசையில் வந்தமர்ந்த ஒரு பெரியவர் தஞ்சாவூர் என்றதும் காவிரியில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் கேட்டார். பிறகு அமைதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். நாங்கள் பணம் கட்டப் போனபோது அவர் எங்களுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டார் என்று கடைக்காரர் சொன்னார். ஓடிப்போய் நன்றி சொல்லலாம் என்றால் அவருடைய மோட்டார் சைக்கிள் ஏற்கெனவே சாலையைக் கடந்திருந்தது.

இந்தச் சிறு நகரத்துக்கும் தொலைபேசிக்கும் உள்ள உறவு எனக்கு வியப்பளித்தது. சுங்கை சிப்புட் தொகுதியை நாடாளுமன்றத்தில் 1959 முதல் 1974 வரை பிரதிநிதித்தவர் துன் வீ. தி. சம்பந்தன், அவர் 1959க்குப் பிறகு பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராகப் பல ஆண்டுகள் இருந்தார். அவருக்குப் பின் 1974 முதல் 2008 வரை இதே தொகுதியின் உறுப்பினராக இருந்த சாமிவேலு 1989 முதல் 1995 வரை எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் அமைச்சர். ஒரு தோட்டப்புற நகரத்தின் இரண்டு உறுப்பினர்கள் அடுத்தடுத்து ஒரு நாட்டின் தொலைத்தொடர்பைப் பொறுப்பேற்று நடத்தியிருக்கிறார்கள். சம்பந்தன் 1919இல் இங்கேயே பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1954இல் இந்த ஊரில் அவர் எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலையை விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்துகொண்டிருந்தபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி வீதம் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களையே வாங்கியவரும் அவர்தான். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்திருந்தாலும், ஒட்டுக்கடையில் தேநீர் ஆற்றுகிறவர் தம் பாட்டி கட்டிய பத்து வெள்ளியைப் பற்றிச் சொல்லக் கேட்டபோதுதான் அந்தத் தொகையின் கனம் விளங்கியது.

பத்து மணிக்குப் பட்டறைக்குப் போனோம். இரண்டு கடைகளை ஒன்றாக்கிய நீண்ட கூடம். தம் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ எழுத வேண்டாம் என்று அவர் முதலிலேயே கேட்டுக்கொண்டார். ஊரில் எல்லாரும் அழைப்பதுபோல ஐயா என்றே எழுதுகிறேன். வயது எழுபத்தாறு. சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், கையில் பழைய மாதிரி மீட்டர். அறிமுகம் முடிந்ததும் நான் எந்த அறையில் வேலை பார்த்தேன் என்று விசாரித்தார். பேட்டரி அறை என்றதும் அவருடைய முகம் மலர்ந்தது. “அப்ப உங்களுக்கு விளக்கம் சொல்ல வேணாம், தங்கச்சி” என்றார்.

உண்மையிலேயே எங்களுக்குள் விளக்கம் தேவைப்படவில்லை. தொலைபேசி நிலையம் எந்த நாட்டில் இருந்தாலும் அதன் உயிர் 48 வோல்ட்டில் இருக்கிறது: 2 வோல்ட் செல்கள் இருபத்து நான்கு, வரிசையாக. கம்பிகள் மின்வேதி அரிப்பில் கரைந்துபோகாமல் இருப்பதற்காக நேர்முனையை நிலத்தோடு இணைப்பார்கள். நகரத்தில் மின்சாரம் போனாலும் தொலைபேசி ஒலிப்பதற்கு அந்தச் செல்களே காரணம். அந்தச் செல்களை நிரப்பி வைப்பது சார்ஜர். பேசுகிறவர்களுக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது. அந்தப் பொருளைத்தான் ஐயா தம் வாழ்க்கையாகத் தேர்ந்தெடுத்தார்.

மதியம் அவருடைய துணைவியார் வாழையிலை போட்டுச் சோறு பரிமாறினார். கருவாட்டுக் குழம்பு, பாகற்காய் வறுவல், கங்கோங் கீரை, ரசம். அக்கா எனக்குப் பரிமாறிக்கொண்டே, இவர் கல்யாணத்தன்றுகூட ஏதோ எக்ஸ்சேஞ்சில் பழுது என்று பாதியில் எழுந்து போனவர் என்று சொன்னார். அதில் குறையோ பெருமையோ இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அக்டோபர் 14, செவ்வாய்: தோட்டத்துக்குள்

ஐயா பிறந்த தோட்டத்தைப் பார்க்கப் புறப்பட்டோம். அவர் முன்னால் போய்விட, நாங்கள் வாடகை வண்டியில் பின்தொடர்ந்தோம். செம்பனைக்குள் நுழைந்த சில நிமிடங்களில் கைப்பேசியில் அலைவரிசை அறுந்தது. வழிகாட்டும் வரைபடமும் நின்றுபோனது. எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே இடைவெளியில் ஒரே உயர மரங்கள். செம்மண் பாதையில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் சுற்றினோம். ஓட்டுநர் ஈப்போ சீன இளைஞர். அவர் முகத்தில் பதற்றம் தெரிந்தாலும் வாய்விட்டு ஒரு சொல் சொல்லவில்லை. குலை வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத் தொழிலாளர்கள் இருவர் வழிகாட்ட முயன்றார்கள். அவர்கள் சொன்னது எங்களுக்குப் புரியவில்லை. கடைசியில் மோட்டார் சைக்கிளில் வந்த தோட்டத்து மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒருவர், தம் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில் வரை முன்னால் ஓட்டிக் கொண்டுவந்து விட்டார். பணம் கொடுக்கப் போனால் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, “ஐயா வீட்டு விருந்தாளியா? முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்று கடிந்துகொண்டார்.

லயங்களில் பாதி இடிக்கப்பட்டுவிட்டன. மாரியம்மன் கோயில், தொழிலாளர்கள் விடியலில் கூடிப் பெயர் கொடுக்கும் பிரட்டுக் களம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகையின் சிமெண்டுத் தளம், மேட்டின்மேல் துரை பங்களா ஆகியவை இருக்கின்றன. இங்கே உட்கார்ந்துதான் ஐயா தம் இளமையைச் சொன்னார்.

அவர் பிறந்தது 1948ஆம் ஆண்டின் இறுதியில். அந்த ஆண்டு ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டை அடுத்த இரு தோட்டங்களில் மூன்று ஆங்கிலேயத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு, அரிசிக்குக் கட்டுப்பாடு. அவருடைய அப்பாவும் அம்மாவும் பால் வெட்டியவர்கள். தோட்டத்தில் தொலைபேசி இரண்டே இடங்களில் இருந்தது: துரை பங்களாவில் ஒன்று, ஆபீசில் ஒன்று; கைப்பிடியைச் சுற்றி அழைக்கும் கருவி. தொழிலாளிக்கு அதைத் தொட உரிமை இல்லை.

அவருக்குப் பத்து வயது இருக்கும்போது, தைப்பிங் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்த அவருடைய பாட்டி இறந்துபோனார். விடியற்காலையில் ஆபீசுக்குத் தொலைபேசி வந்தது. செய்தியை எடுத்துக்கொண்ட கிராணி (தோட்ட எழுத்தர்), வெட்டு முடிந்து பால் நிறுக்கப்பட்ட பிறகே அவருடைய அம்மாவிடம் சொன்னார். நடுவில் சொன்னால் அந்த நாள் வேலை கெட்டுவிடும் என்பது காரணம். பேருந்து பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஐயா இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. கிராணியும் பிள்ளைகுட்டிக்காரர், அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார் என்றார். எனக்கோ அந்தப் பிரட்டுக் களத்தைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு கொதித்தது. இரவுப் பணியில் எத்தனையோ மரணச் செய்திகள் எங்கள் இணைப்பகத்தின் வழியே கடந்து போனதை அறிந்தவள் நான். செய்தி உரியவரிடம் போய்ச் சேராமல் ஒரு மேசைமேல் அரை நாள் கிடந்தது என்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதே ஆண்டு, இடி விழுந்து ஆபீசுத் தொலைபேசி செத்துப்போனபோது, ஏணியும் தோள்பையுமாக வந்த லைன்மேன் ஒரு தமிழர். துரையே அவருக்கு நாற்காலி போடச் சொன்னாராம். பையன் நாள் முழுவதும் அவர் பின்னாலேயே திரிந்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, பிறகு ஆங்கில வழிக்கு மாறுவதற்கான ரிமூவ் வகுப்பு, பிறகு ஆங்கிலப் பள்ளி. 1967இல் அரசாங்கத் தொலைத்தொடர்புத் துறையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். காகிதம் சுற்றிய செம்புக் கம்பிகளை ஈய உறைக்குள் வைத்து, உருகிய ஈயத்தைத் துணியால் வழித்து மூட்டுப் போடும் வித்தையை அங்கே கற்றார். ஒரு துளை இருந்தாலும் நீர் இறங்கி, நூற்றுக்கணக்கான இணைப்புகள் ஒரே மழையில் ஊமையாகிவிடும். பிற்காலத்தில் பிளாஸ்டிக் உறையும் களிம்பு நிரப்பிய கேபிளும் வந்து அந்த வித்தையைத் தேவையற்றதாக்கின. என்றாலும் அவர் கையில் ஈயத்தின் தழும்புகள் இன்னும் இருக்கின்றன.

திரும்பும் வழியில் ஆயா கொட்டகைத் தளத்தின் ஓரத்தில் ஒரு துருப்பிடித்த இரும்புத் தூணைக் காட்டினார். 1986இல், தொழில் தொடங்கிக் கையில் கொஞ்சம் பணம் தங்கிய முதல் ஆண்டில், அவர் செய்த முதல் அறப்பணி இது: பிரதான சாலையிலிருந்து தோட்டம் வரை கம்பம் நடும் செலவை ஏற்று, கோயிலுக்கு அருகே ஒரு தொலைபேசி வைக்கச் செய்தார். திறப்பு விழாவுக்குப் பலர் வந்தார்கள். ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தபோது, மணி அடித்தாலும் எடுக்க ஆள் இல்லை. எல்லாரும் காட்டில் வேலையில் இருந்தார்கள். உடனே, பால் வெட்டி ஓய்ந்துபோன ஒரு மூதாட்டிக்கு மாதம் 60 வெள்ளி சம்பளம் பேசி, தொலைபேசிக்கு அருகில் உட்காரவும், செய்தி வந்தால் எந்த நேரமானாலும் எந்தக் காட்டில் இருந்தாலும் உரியவரிடம் நடந்துபோய்ச் சொல்லவும் ஏற்பாடு செய்தார். அந்தச் சம்பளத்தைப் பல ஆண்டுகள், அந்தத் தொலைபேசி தேவையற்றுப் போகும் வரை கொடுத்துவந்தார். ஊருக்கு அவர் பின்னாளில் செய்த எல்லாவற்றின் வடிவத்தையும் அந்த அறுபது வெள்ளியில் நான் கண்டேன்.

அக்டோபர் 15, புதன்: பட்டறை

நாள் முழுவதும் பட்டறையிலேயே இருந்தேன். வெளியே புழுக்கம், உள்ளே மின்விசிறிகள் சுழன்றாலும் ஈயப் பற்றவைப்பின் ரோசின் புகை மூக்கில் ஏறியது. எனக்கு அது பழகிய மணம்.

அரசாங்க வேலையை விட்டு அவர் 1979இல் தொடங்கியது பழைய சார்ஜர்களைச் செப்பனிடும் ஒற்றைக் கடை. 1980களின் முற்பகுதியில் வெளிப்புறக் கேபிள் பதிக்கும் வேலையைத் துறை பெரிய ஒப்பந்த நிறுவனங்களிடம் கொடுத்தபோது, அவற்றுக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரரானார். 1985இல் அட்டூர் என்ற 450 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசிச் சேவை வந்தது. 1987இல் தொலைத்தொடர்புத் துறை நிறுவனமாக மாற்றப்பட்டது. கோபுரங்கள் குன்றுகளின்மேல் ஏற ஏற, இடியும் அவற்றைத் தேடி வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த கருவிகள் தரத்தில் குறைந்தவை அல்ல. ஆனால் இவ்வளவு மின்னலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல என்பது அவருடைய கணிப்பு. ஆகவே, மின்கம்பி நுழையும் வாயிலில் வாயுக்குழாய்த் தடுப்பானையும் அதன் பின்னால் வேரிஸ்டரையும் அடுக்கடுக்காக வைத்து, அதிக மின்னழுத்தத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் பெட்டியுடன் சேர்த்தே தம் ரெக்டிஃபயர்களை விற்றார். பெட்டியைவிட நிலத்தொடர்பே முக்கியம் என்று அவர் பலமுறை சொன்னார். செப்புத் தண்டை மண்ணில் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆண்டுக்கொரு முறை அதன் மின்தடையை அளந்து பார்க்கிறவர்கள் குறைவு. மூட்டு துருப்பிடித்த பிறகு எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியும் வெறும் பெட்டிதான். இதை எந்த நாட்டுப் பொறியாளரும் மறுக்க மாட்டார்.

1997இல் ஆசியப் பொருளாதார நெருக்கடி வந்தது. டாலருக்கு 2 வெள்ளி 50 காசு என்றிருந்த நாணயம் 1998 ஜனவரியில் 4 வெள்ளி 88 காசு வரை விழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அரசாங்கம் அதை 3 வெள்ளி 80 காசில் கட்டிவைத்தது. டையோடும் மின்தேக்கியும் டாலரில் வாங்கி, பெட்டியை வெள்ளியில் விற்கும் ஒப்பந்தம் அவருடையது. வீட்டை அடகு வைத்தார். யாரையும் வேலையிலிருந்து நீக்கவில்லை. தம்மையும் சேர்த்து எல்லாருக்கும் அரைச் சம்பளம் என்று தீர்மானித்தார்கள். அந்தக் காலத்தில் கம்பி சுற்றும் வேலையில் இருந்த ஓர் அம்மாள் இன்றும் பட்டறைக்கு வருகிறார். நின்றுபோன மீதிச் சம்பளம் 2001இல் கணக்குப் பார்த்துக் கொடுக்கப்பட்டது என்று அவர் என்னிடம் தனியாக வந்து சொன்னார். இதை ஐயா என்னிடம் சொல்லவே இல்லை.

பிறகு மலிவான கருவிகள் கடல்கடந்து வந்தன. தயாரிப்பைக் கைவிட்டுச் செப்பனிடும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டார். செம்புக் கம்பியும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. பட்டறையின் ஒரு பகுதியில் இப்போது தோட்டப்புற இளைஞர்கள் எட்டுப் பேர் கண்ணாடி இழை (ஆப்டிகல் ஃபைபர்) ஒட்டப் பயில்கிறார்கள். உறை நீக்கினால் இழையின் தடிமன் 125 மைக்ரான். ஒளி ஓடும் நடுப்பகுதி அதிலும் சிறியது, சுமார் 9 மைக்ரான். அதைச் செங்குத்தாக வெட்டி, தூசி இல்லாமல் துடைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். ஒரு பெண் என் கண் முன்னே ஒட்டிக் காட்டினாள், ஒளி இழப்பு 0.02 டெசிபல் என்று கருவி காட்டியது. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. மாறாக, பேருந்துச் செலவு கொடுக்கப்படுகிறது. படிக்க வராமல் போவதற்குப் பல வேளைகளில் அந்த எட்டு, பத்து வெள்ளிதான் காரணம் என்று அவர் கண்டறிந்திருக்கிறார்.

பிற்பகலில் அறப்பணிக் கணக்கேட்டைக் காட்டச் சம்மதித்தார். தீபாவளி வாரம் என்பதால், ஊர் மண்டபங்களில் அரிசி, எண்ணெய், சீனி அடங்கிய அன்பளிப்புப் பைகள் வழங்கும் நிகழ்ச்சிகள் நடந்தபடியே இருக்கின்றன. அவை தேவையானவைதான், வாங்கிச் செல்லும் முதியவர்களின் முகத்தை நானே பார்த்தேன். ஐயா இந்த வாரத்தில் எதுவும் கொடுப்பதில்லை. கொடுப்பவர்கள் நிறைந்த வாரத்தில் தம்முடைய பணம் தேவையில்லை என்கிறார். அவருடைய ஏட்டில் இருப்பவை வேறு வகை: ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் தண்ணீர்ப் பம்பு மோட்டாருக்குச் சுருள் மாற்றியது, இன்னொரு பள்ளியின் மின்கசிவுத் துண்டிப்பானைச் சோதித்தது, கூரைத் தகட்டின் ஆணிகள், சிறுநீரக நோயாளிகளை ஏற்றிச்செல்லும் வேனுக்கு டயர், டீசல், ஓட்டுநர் சம்பளம், ஈமச் சடங்கு வண்டியின் பேட்டரி, ஒரு முதியோர் இல்லத்தில் ஆண்டுதோறும் மின்விசிறி துடைக்கும் கூலி.

பல தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தனியார் நிலத்தில் நிற்கின்றன. அதனால் அவை அரசாங்கத்தின் பகுதி உதவியை மட்டும் பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுத்தாலும் கட்டடத்தைப் பேணும் சுமையின் பெரும்பகுதி பள்ளி வாரியத்தின் தலையில் விழுகிறது. புதிய கட்டடத்துக்கு நன்கொடை கேட்டால் கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம் என்பதால் தருவார்கள். பம்பு மோட்டாருக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கணினிக் கூடத்தைப் பெரிய விழா எடுத்துத் திறந்துவிட்டு, முதல் இடியில் எல்லாக் கணினியும் பழுதாகிப் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளியை அவர் எனக்குச் சொன்னார். அவர் அங்கே போய்ச் செய்தது நிலத்தொடர்பைச் சரிசெய்து, தடுப்புப் பெட்டி பொருத்தி, ஆண்டுதோறும் அளந்து பார்க்க ஒரு பழைய ஊழியரை நியமித்தது. கூடம் இப்போது திறந்திருக்கிறது.

நம் ஊரிலும் எத்தனையோ நல்லவர்கள் கொடுக்கிறார்கள். கோயிலுக்கு மண்டபம், பள்ளிக்கு வளைவு, மருத்துவமனைக்குக் கருவி. அந்தக் கருவியின் மூன்றாம் ஆண்டுச் செலவை யார் ஏற்பார் என்று கேட்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. இணைப்பகத்தில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டதும் இதுவே: மாதந்தோறும் செல்லுக்குச் செல் அளந்து எழுதாவிட்டால், புயல் வரும் இரவில் பேட்டரி கைவிட்டுவிடும். ஐயா அந்த ஒழுக்கத்தை மனிதர்களுக்கும் பொருத்தியிருக்கிறார் என்பதே நான் கண்டது. இதற்காக அவரை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

நான்கு மணிக்கு வழக்கம்போல் இடி. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேன் ஓட்டுநர் மட்டும் உள்ளே வந்து, ஈப்போ சாலையில் தண்ணீர் நிற்பதாகவும், ஆறு மணிச் சிகிச்சைக்கு இப்போதே புறப்படுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். இரத்தச் சுத்திகரிப்பு வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மழைக்காக அதைத் தள்ளிப்போட முடியாது.

அக்டோபர் 16, வியாழன்: கோலகங்சார், பிறகு ரயில்

காலையில் ஐயா எங்களைக் கோலகங்சாருக்கு அழைத்துப் போனார். பேராக் ஆற்றங்கரையில் அழகான ஊர். 1877இல் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் எஞ்சிய ஒரு மரம் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே வேலிக்குள் நிற்கிறது. இந்த மரத்தின் வழிவந்த பயிருக்காகத்தானே நம் மக்கள் கப்பலேறி வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டு நின்றேன். ஐயா அங்கே அதிக நேரம் நிற்க விரும்பவில்லை. வெயில் ஏறிவிட்டது, கரும்புச்சாறு 3 வெள்ளி, லக்சா 6 வெள்ளி. லக்சாவின் மீன் குழம்பு புளிப்பாகக் காரமாக இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது.

உங்களுக்குப் பின் இந்த ஏட்டை யார் எழுதுவார் என்று வண்டியில் கேட்டேன். பட்டறையின் பழைய ஊழியர்கள் மூவரும் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையும் ஏற்கெனவே காசோலையில் கையெழுத்திடுகிறார்கள். அவர் கையெழுத்து ஓர் ஆண்டாகத் தேவைப்படவில்லை. பட்டறைக் கட்டடத்தின் வாடகை நேராக அறப்பணிக் கணக்குக்குப் போகிறது. புதிதாக எதையும் திறந்து வைப்பதில்லை என்பது அவர்களுடைய விதி. தம் பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில் நல்ல வேலையில் இருப்பதாகவும், இதில் அவர்களைக் கட்டிப்போட விருப்பமில்லை என்றும் சொன்னார்.

விடைபெறும்போது அவர் என்னிடம் ஓர் உதவி கேட்டார். கோபுரங்களில் இன்னும் பல இடங்களில் ஈய அமில பேட்டரிகள் இருக்கின்றன; பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் கையேடுகள் உண்டு, தமிழில் ஒன்றும் இல்லை. பேட்டரி அறையில் இருந்த நீங்கள் எழுதித் தர வேண்டும் என்றார். அக்கா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு சுங்கை சிப்புட் நிலையத்தில் ரயிலேறி, ஈப்போவைத் தாண்டும் முன்பே முதல் பக்கத்தை எழுதத் தொடங்கிவிட்டேன்: பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் செல்லின் மூடியைத் திறக்கக் கூடாது, காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது, அமிலக் கரைசல் தயாரிக்கும்போது அமிலத்தில் நீரைக் கொட்டாமல் நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் அடர்த்தியையும் தேதியோடு ஏட்டில் எழுதி, சென்ற மாத எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அறையைப் பூட்ட வேண்டும்.